டான் என்று அழைக்கப்பட்டவர்

மூளையைப் பற்றிப் படித்தவர்கள் 'புரோக்கா பகுதி' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கம், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பகுதி பேசுவதற்கு மிக முக்கியம். பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவரின் நினைவாக வைத்த பெயர் இது. சரி, அவர் அதை யாருடைய மூளையில் பார்த்தார்?

பாரீசுக்கு அருகில் உள்ள பிசேத்ர் மருத்துவமனையில் பல வருடங்களாக ஒரு நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்றுதான் பதில் வரும். அதனால் அங்கே எல்லோருக்கும் அவர் 'டான்' ஆகிவிட்டார். ஆனால் மற்றவர்கள் பேசுவது அவருக்கு நன்றாகவே புரிந்தது. இங்கே வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று புரோக்கா கேட்டபோது, கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். 21 வருடம். கணக்கு சரியாக இருந்தது!

1861 ஏப்ரல் 17 அன்று அவர் இறந்தார். மறுநாளே புரோக்கா அந்த மூளையை பாரீஸ் மானிடவியல் சங்கத்தில் காட்டினார். புரோக்காவின் பெயர் பாடப்புத்தகங்களில் ஏறியது. மூளை ஜாடிக்குள் போனது. அந்த மனிதர்?

லெபோர்ன் என்ற குடும்பப் பெயரைத் தவிர அவரைப் பற்றி அதிகம் யாருக்கும் தெரியாது. செசாரி டொமான்ஸ்கி என்ற போலந்து ஆய்வாளர் பழைய ஆவணங்களைத் தேடி, 2013-இல்தான் முழு விவரத்தையும் வெளியிட்டார். லூயி விக்தோர் லெபோர்ன், பிறப்பு 1809, அப்பா பள்ளி ஆசிரியர். இவர் காலணி செய்ய உதவும் அச்சுகளைச் செய்யும் தொழிலாளி. சிறு வயதிலிருந்தே வலிப்பு நோய். சுமார் 30 வயதில் பேச்சு போனது.

அமெரிக்காவில் 1953-இல் வலிப்புக்காக மூளை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஹென்றி மொலைசன். அதன்பின் எந்தப் புதிய நிகழ்ச்சியும் அவர் நினைவில் தங்கவில்லை. 2008-இல் இறக்கும்வரை ஆய்வுக் கட்டுரைகளில் அவர் வெறும் 'எச்.எம்.' தான். இது வேறு விஷயம், அவருடைய அந்தரங்கத்தைக் காப்பதற்காகச் செய்தது. ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. பரிசோதனைக்குச் சம்மதித்ததையே சில நிமிடங்களில் மறந்துவிடுபவரின் சம்மதத்துக்கு என்ன அர்த்தம்?

லெபோர்னிடம் அந்தக் கேள்வியைக்கூட யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. விரல்களால் பதில் சொல்லத் தெரிந்தவர் அவர். அடுத்த முறை புரோக்கா பகுதியைப் பற்றிப் படிக்கும்போது லூயி விக்தோர் லெபோர்ன் என்ற பெயரையும் ஒரு முறை சொல்லிப் பாருங்கள் நண்பர்களே.