கொலைத் தொழிலும் நகைச்சுவையும்

மனித உயிரைப் பறித்தல் பெருங்குற்றம் என்பதில் உலகச் சமயங்களுக்கிடையே கருத்து வேற்றுமை இல்லை. கொலைஞனை வெறுப்பதும் கொலையுண்டவனுக்காக இரங்குவதும் மக்களின் இயல்பு. இருந்தும், கொலையையே தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றிய வேடிக்கைக் கதைகளை, எறும்பை மிதிக்கவும் தயங்கும் நல்லவர்கள் விரும்பிப் படித்து வந்திருக்கின்றனர். ஆங்கில இலக்கியத்தில் இத்தகைய கதைகளுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு மரபு உண்டு. எழுதியவர்களும் கீழ்த்தர எழுத்தாளர் அல்லர். டி குவின்சி, ஸ்டீவன்சன், ஆஸ்கார் வைல்டு, ஜாக் லண்டன் எனப் புகழ்பெற்றோர் பலர் அவ்வரிசையில் நிற்கின்றனர்.

இது வாசகரின் மனக்கோணலா? அன்றி இதற்கு வேறு காரணம் உண்டா? நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறும் தொல்காப்பியம், எள்ளலை அவற்றுள் முதலாவதாக வைக்கிறது. எள்ளலில் பிறக்கும் நகைக்கு எள்ளப்படும் பொருள் ஒன்று இருத்தல் வேண்டும். கொலைஞர் கதைகளைப் படித்துச் சிரித்தவர்கள் எதனை எள்ளிச் சிரித்தனர் என்பதை அறிந்தால், அவ்வார்வத்தின் காரணமும் விளங்கும்.

இரத்கிளிப் சாலையின் ஏழு உயிர்கள்

இம்மரபின் தொடக்கத்தில் நிற்பது கற்பனையன்று. உண்மையாக நிகழ்ந்த ஒரு கொடுமை. 1811ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் நள்ளிரவில், இலண்டனின் கிழக்குப் பகுதியிலுள்ள இரத்கிளிப் சாலையில் துணிக்கடை நடத்தி வந்த திமோதி மார் என்னும் இளம் வணிகர், அவர் மனைவி, கைக்குழந்தை, கடைப்பையன் ஆகிய நால்வரும் கொல்லப்பட்டனர். சிப்பி வாங்கி வருமாறு கடைத்தெருவுக்கு அனுப்பப்பட்டிருந்த பணிப்பெண் மட்டுமே உயிர் தப்பினாள். பன்னிரண்டு நாள்களுக்குப் பின் அருகிலிருந்த ஒரு மதுக்கடையில் மேலும் மூவர் கொலையுண்டனர்.

இலண்டன் மாநகரக் காவல்துறை 1829ஆம் ஆண்டில்தான் நிறுவப்பட்டது. 1811இல் மக்களுக்குக் காவலாக இருந்தவர்கள் பெரும்பாலும் விளக்கேந்தித் தெருவில் நடந்த இரவுக் காவலரே. நகரம் நடுங்கியது. ஜான் வில்லியம்ஸ் என்னும் கப்பல் தொழிலாளி ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்டான். வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே அவன் சிறையில் தூக்கில் தொங்கக் காணப்பட்டான். அவன் உடலை வண்டியில் ஏற்றித் தெருக்கள் வழியே ஊர்வலமாகக் கொண்டு சென்று, நாற்சந்தியில் புதைத்து, நெஞ்சில் முளையடித்தனர். அவனே கொலைஞன் என்பது எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1827ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'பிளாக்வுட்ஸ்' இதழில் தாமஸ் டி குவின்சி ஒரு கட்டுரை வெளியிட்டார். கொலையை நுண்கலைகளுள் ஒன்றாகக் கருதுவது பற்றியது அது. கொலைகளைச் சுவைத்துத் திறனாய்வு செய்யும் கனவான்களின் கழகம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவாக அதனை அவர் அமைத்தார். ஓவியத்தையும் நாடகத்தையும் அலசுவதைப் போலவே அக்கனவான்கள் கொலைகளின் அமைப்பையும் நேர்த்தியையும் அலசுகின்றனர். வில்லியம்ஸ் அவர்களுக்குப் பெருங்கலைஞன்.

இங்கு எள்ளப்படுவோர் மாண்டவர் அல்லர். கொலைச் செய்திகளைக் காலை உணவோடு சுவைத்துப் படித்துவிட்டு, ஒழுக்கம் பற்றி உரக்கப் பேசிய நாகரிக மக்களே எள்ளப்பட்டனர். இதழைப் புரட்டியவர் தம் முகத்தையே அதில் கண்டு சிரித்தனர். 1839ஆம் ஆண்டு டி குவின்சி இரண்டாம் கட்டுரையும் எழுதினார்.

எனினும் 1854இல் அவர் எழுதிச் சேர்த்த பின்னுரையில் நகைச்சுவை மறைந்துவிட்டது. அந்த இரு இரவுகளையும், கதவுக்கு வெளியே நின்ற பணிப்பெண்ணின் அச்சத்தையும் அவர் நெஞ்சு பதைக்கும்படி விரித்துரைத்தார். இருபத்தேழு ஆண்டுகள் கொலையை வைத்து வேடிக்கை பேசிய அதே எழுதுகோல், இறுதியில் மாண்டவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. இம்மரபின் பெருமையும் குறையும் அந்த ஒரு நூலிலேயே அடங்கியுள்ளன எனலாம்.

கடமை தவறாத பெருமகன்

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1878ஆம் ஆண்டு 'இலண்டன்' என்னும் வார இதழில் எழுதிய கதைகளில், சாவை விரும்பியும் அதற்குத் துணிவற்றவர்களுக்கான ஒரு கழகம் வருகிறது. கட்டணம் செலுத்திச் சேர்ந்தவர்களுக்கு இரவுதோறும் சீட்டுப் பங்கிடப்படும். ஒரு சீட்டைப் பெற்றவன் சாக வேண்டும். மற்றொரு சீட்டைப் பெற்றவன் அவனைக் கொல்ல வேண்டும். விதிமுறைகளில் ஒழுங்கு தவறுவதில்லை. அந்த ஒழுங்குதான் படிப்பவரை ஒருசேரச் சிரிக்கவும் நடுங்கவும் வைக்கிறது. 1882இல் நூலுருவம் பெற்ற இக்கதை, 1909இல் அமெரிக்காவில் ஊமைப் படமாகவும் 1979இல் சோவியத் ஒன்றியத்தில் தொலைக்காட்சிப் படமாகவும் எடுக்கப்பட்டது. இவ்வார்வம் மொழி எல்லை கடந்தது என்பதற்கு இது சான்றாகும்.

ஆஸ்கார் வைல்டு 1887ஆம் ஆண்டு எழுதிய 'ஆர்தர் சவில் பிரபுவின் குற்றம்' என்னும் குறுநாவல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. விருந்தொன்றில் பாட்ஜர்ஸ் என்னும் கைரேகைக்காரர் ஆர்தர் பிரபுவின் உள்ளங்கையைப் பார்த்து, அவர் ஒரு கொலை செய்வார் என்று கூறுகிறார். ஆர்தருக்கோ திருமணம் நிச்சயமாகியுள்ளது. கொலை செய்யவேண்டிய விதியைச் சுமந்துகொண்டு ஒரு நல்ல பெண்ணை மணப்பது முறையன்று. ஆகவே கொலையை முதலில் முடித்துவிடுவதே பண்புள்ளவனின் கடமை என முடிவு செய்கிறார்.

உறவினளான ஒரு முதியவளுக்கு வச்சநாவி நஞ்சு வைத்த மாத்திரையைக் கொடுக்கிறார். அவள் அதனைத் தொடாமலே இயற்கையாக இறந்துவிடுகிறாள். பின்னர்த் தேவாலயத் தலைமைக் குருவான மற்றோர் உறவினருக்கு வெடிக்கும் கடிகாரம் ஒன்றை அனுப்புகிறார். அது சிறிது புகைந்து ஓசையெழுப்பி, அவ்வீட்டாருக்கு விளையாட்டுப் பொருளாகிறது. அதனைச் செய்து கொடுத்த வெடிகுண்டுக்காரர், தாம் கலைக்காகவே வாழ்பவர் எனக் கூறி, அடக்கவிலை மட்டுமே பெற்றவர். இறுதியில் ஓரிரவு தேம்ஸ் ஆற்றங்கரையில் தனியே நின்ற கைரேகைக்காரரையே ஆர்தர் தூக்கி ஆற்றில் எறிகிறார். கடமை நிறைவேறுகிறது, திருமணமும் இனிதே நடக்கிறது.

வெடிகுண்டு அன்றைய இலண்டன் வாசகருக்குப் புதுமையன்று. கதை வெளிவருவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1885 ஜனவரி 24ஆம் நாள், இலண்டன் கோபுரத்திலும் நாடாளுமன்றக் கட்டடங்களிலும் வெடிகள் வெடித்திருந்தன. அந்த அச்சம் ஆறுமுன்னரே வைல்டு அதனை நகைச்சுவையாக்கினார். இதழில் வந்தபோது கைரேகைக் கதை என்றிருந்த துணைத்தலைப்பு, 1891இல் நூலானபோது கடமை பற்றிய ஆய்வு என மாற்றப்பட்டது. கதையின் உட்பொருளை அம்மாற்றமே காட்டிவிடுகிறது. மேட்டுக்குடியினர் பெரிதும் மதித்த 'கடமை' என்னும் சொல், எத்தகைய கொடுமைக்கும் போர்வையாகக்கூடும் என்பதே அது.

கொள்கைக் கொலைஞரின் நிறுவனம்

அடுத்து வந்த ஆண்டுகள் அரசியல் கொலைகளின் காலம். ரஷ்யாவின் சார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் 1881இலேயே கொல்லப்பட்டிருந்தார். பிரான்சின் அதிபர் கார்னோ 1894இலும், ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் 1898இலும், இத்தாலிய மன்னர் உம்பெர்ட்டோ 1900இலும், அமெரிக்க அதிபர் மெக்கின்லி 1901இலும் மாண்டனர். மனித குலத்தின் நன்மைக்காகவே கொன்றோம் என்று பலர் நம்பிய காலம் அது.

இச்சூழலில், 1910ஆம் ஆண்டு, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சிங்கிளேர் லூயிஸ் என்னும் இளைஞரிடமிருந்து ஜாக் லண்டன் சில கதைக் கருக்களை விலைக்கு வாங்கினார். அவற்றுள் ஒன்றே கொலை நிறுவனம் பற்றியது. டிராகோமிலாஃப் என்னும் ரஷ்யர் நியூயார்க்கில் நடத்தும் இந்நிறுவனம், பணம் பெற்றுக்கொண்டு கொலை செய்யும். ஆனால் யாரையும் உடனே கொன்றுவிடாது. குறிக்கப்பட்டவரின் சாவு சமுதாயத்திற்கு நன்மை தருமா என முதலில் ஆராயும். நன்மை தராது எனத் தெரிந்தால், ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு எஞ்சிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதன் உறுப்பினர் கற்றறிந்தவர்; ஒழுக்கத்தில் சிறந்தவர்; சொன்ன சொல் தவறாதவர்.

வின்டர் ஹால் என்னும் சீர்திருத்தவாதி அங்கு வந்து, ஒருவரைக் கொல்வதற்குக் கட்டணம் செலுத்துகிறார். குறிக்கப்பட்டவர் டிராகோமிலாஃப்தாம். இருவரும் நெடுநேரம் வாதிடுகின்றனர். தம் நிறுவனமே சமுதாயத்திற்குத் தீங்கு என்பதை டிராகோமிலாஃப் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டபின், கொள்கைக்குக் கட்டுப்பட்டு, தம்மையே கொல்லும் பணியை ஏற்கிறார். அவரைப் போற்றும் சீடர்களே அவரைக் கொல்லத் துரத்துகின்றனர். அவரும் அவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறார். இடையே பகை மறந்து ஒரே மேசையில் உணவருந்தித் தத்துவம் பேசுகின்றனர். கொலைவெறி கொண்டவன் ஒருவனும் கதையில் இல்லை. அறிவும் நேர்மையும் கொள்கைப் பற்றும் நிறைந்தவர்களே பிணங்களைக் குவிக்கின்றனர். படிப்பவர் சிரிப்பதும் அதனால்தான். சிரித்தபின் அவர் மனம் உறுத்துவதும் அதனால்தான்.

லண்டன் இக்கதையை முடிக்க இயலாமல் கைவிட்டு, 1916இல் மறைந்தார். ராபர்ட் ஃபிஷ் என்னும் எழுத்தாளர் அதனை நிறைவு செய்ய, 1963இல் நூல் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். 1969இல் பிரிட்டனில் இது திரைப்படமாகி, ஆலிவர் ரீட், டயானா ரிக் ஆகியோர் நடிக்க, கதைக்களம் முதல் உலகப்போருக்கு முந்திய ஐரோப்பாவிற்கு மாற்றப்பட்டது.

கதை தொடங்கப்பட்டதற்கும் நூல் வெளிவந்ததற்கும் இடையே வரலாறு கற்பனையை விஞ்சிவிட்டது. 1942 ஜனவரி 20ஆம் நாள், பெர்லின் அருகே வான்சே என்னுமிடத்து மாளிகையில், ஜெர்மானிய அரசையும் கட்சியையும் சேர்ந்த பதினைந்து அலுவலர் கூடி, ஐரோப்பிய யூதர்களை அழிக்கும் திட்டத்தை நடைமுறைப்படுத்துவது பற்றிப் பேசினர். கூட்டம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே நடந்தது. அவர்களுள் முனைவர் பட்டம் பெற்றோரும் பலர். கொலையை அலுவலகப் பணியாக்கினால் என்ன நேரும் என்பதை 1910இல் ஒருவர் வேடிக்கையாக எழுதத் தொடங்கினார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் அது வேடிக்கையாக இல்லை.

தேர்வெழுதிய இளவரசன்

அதன் பின்னும் இம்மரபு மறையவில்லை. டெர்ரி பிராட்செட் 1983 முதல் எழுதிய 'டிஸ்க்வேர்ல்டு' கற்பனை நாவல்களில், கொலைஞர்களுக்கென ஒரு சங்கமும் உயர்தரப் பள்ளியும் உள்ளன. பிரபுக்களின் பிள்ளைகள் அங்குப் பயில்கின்றனர். கொலை செய்தால் பற்றுச்சீட்டு வைத்துவிட்டு வருவது அவர்தம் மரபு. 2015இல் மறைந்த பிராட்செட்டின் நூல்களுக்கு உலகெங்கும் வாசகர் உண்டு. 1989இல் வந்த 'பிரமிடுகள்' என்னும் நாவலில், இளவரசன் ஒருவன் அப்பள்ளியின் இறுதித் தேர்வை எழுதுகிறான். சுவரேறி, பொறிகளைக் கடந்து, படுக்கையில் கிடக்கும் உருவத்தின் முன் நிற்கிறான். அத்தனை கலையும் கற்ற அவனுக்குக் கொல்ல மனம் வரவில்லை. வேண்டுமென்றே குறிதவறி எய்கிறான். அம்பு எங்கெங்கோ பட்டுத் திரும்பி இலக்கையே தைக்கிறது. அங்குக் கிடந்தது மனிதனன்று, வெறும் பொம்மை. அவன் தேர்ச்சி பெறுகிறான். கொலைஞர் பள்ளியைக் காட்டிச் சிரிக்கவைத்த ஆசிரியர், கொல்ல மறுக்கும் கையையே வாசகர் நெஞ்சில் நிறுத்திவிடுகிறார்.

சிரிப்பின் எல்லை

இந்நூல்கள் இளைஞர் மனத்தைக் கெடுக்கும் என அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஆயினும் இக்கதைகளை வரிசையாக நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். இவற்றுள் எள்ளப்படுவது உயிரன்று. கொலை அணிந்துகொள்ளும் நல்லாடையே. டி குவின்சி அதனைக் கலை என்றார்; ஸ்டீவன்சன் விதிமுறை என்றார்; வைல்டு கடமை என்றார்; லண்டன் கொள்கை என்றார்; பிராட்செட் தொழில் மரியாதை என்றார். வெறுங்கையோடு வரும் கொலைஞனை யாரும் அடையாளம் கண்டுகொள்வர். கோப்பும் கொள்கையும் ஏந்தி, கண்ணியமாக உடுத்தி வருபவனை அடையாளம் காண்பதே அரிது. அக்கண்ணை வாசகருக்குத் தருவதால்தான் இக்கதைகள் நிலைத்து நிற்கின்றன.

ஆனால் இச்சிரிப்புக்கு எல்லையும் உண்டு. மாண்டவர் பெயரற்றவராக இருக்கும் வரையில்தான் அது நிலைக்கும். மார் என்னும் துணி வணிகருக்குப் பெயரிருந்தது; அவர் குழந்தைக்குத் தொட்டில் இருந்தது. தண்டிக்கப்படாமலே தண்டனை பெற்ற ஜான் வில்லியம்ஸ் மெய்யான குற்றவாளிதானா என்னும் ஐயத்தை இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர் எழுப்பியுள்ளனர். கலைஞன் என்று அவனைப் பாராட்டிய வேடிக்கை, அவ்வினாவைக் கேட்கவே இல்லை. டி குவின்சி 1854இல் தம் சிரிப்பை நிறுத்தியது முதுமையின் தளர்ச்சியன்று. கடன் தீர்த்த நேர்மை.

ஆகவே கொலைஞர் கதையைப் படித்துச் சிரிப்பவரைக் குறைகூற வேண்டுவதில்லை. நூலை மூடியபின் அச்சிரிப்பு எங்கே நின்றது என்பதை அவர் எண்ணிப் பார்ப்பாராயின், அக்கதை தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்பதில் ஐயமில்லை.