ஆமதாபாத்திற்கு வந்த மின்னொலி வாத்தியம்

சபர்மதி ஆற்றின் மேற்குக் கரையில், பால்டி என்னும் பகுதியில், தேசிய வடிவமைப்புக் கழகம் அமைந்திருக்கிறது. மணிநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வாழும் தமிழ் மக்கள் பலர் அதன் வாயிலைக் கடந்து சென்றிருப்பர். நாற்காலி, துணி, அச்செழுத்து ஆகியவற்றின் அமைப்பைக் கற்பிக்கும் கல்விக்கூடம் என்றே அதனை நாம் அறிவோம். ஆனால், பாரத நாட்டின் முதல் மின்னணு இசைக்கூடம் 1969ஆம் ஆண்டில் அக்கட்டடத்தில்தான் அமைந்தது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

அவ்விசைக்கூடத்தின் நடுநாயகமாக விளங்கியது ‘மூக்’ என்னும் சிந்தசைசர். இச்சொல்லுக்குத் தமிழ் காண்பது எளிதன்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோர், ‘ஒலித்தொகுப்பி’ என்று எழுதிவிட்டு, எழுதியது போதாது என்ற உணர்வோடு பேனாவை மூடுவதுண்டு. தொகுத்தல் என்றால் முன்பே உள்ளவற்றைச் சேர்த்தல். இக்கருவியோ இல்லாத ஒலியை மின்சாரத்திலிருந்து தோற்றுவிக்கிறது. ஆகவே, வழக்கிலுள்ள பெயரையே இங்கும் ஆள்வோம்.

இராபர்ட் மூக் என்பவர் நியூயார்க்கில் 1934இல் பிறந்த பொறியாளர். ஹெர்பர்ட் டாய்ட்ச் என்னும் இசையமைப்பாளரோடு சேர்ந்து, 1964இல் இக்கருவியின் முதல் வடிவத்தை அவர் உருவாக்கினார். அதன் அடிப்படை எளிமையானது. அலையியற்றி என்னும் உறுப்பு மின் அலையை எழுப்பும். வடிகட்டி அதன் காரத்தைக் குறைத்தோ கூட்டியோ நிறம் கொடுக்கும். பெருக்கி அதன் ஓங்கலையும் தேய்தலையும் ஆளும். இவற்றை ஒன்றோடொன்று இணைப்பவை, பழைய தொலைபேசி நிலையங்களில் இருந்தவை போன்ற செருகு கம்பிகள். ஸ்வரத்தை நிர்ணயிப்பது மின்னழுத்தம். ஒரு வோல்ட் உயர்ந்தால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி உயரும். ஒரு வோல்ட்டுக்கும் அடுத்த வோல்ட்டுக்கும் இடையே எந்தப் புள்ளியிலும் நிற்கலாம் என்பதை நேயர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும்.

இக்கருவி ஆமதாபாத்திற்கு வந்த வரலாறு ஒரு பெண்மணியின் இசைப்பயணத்தோடு தொடர்புடையது. ஆலைத் தொழிலதிபர் அம்பாலால் சாராபாயின் மகளான கீதா சாராபாய், பக்வாஜ் வாசிப்பில் தேர்ச்சி பெற்றவர். 1946இல் நியூயார்க் சென்ற அவர், ஜான் கேஜ் என்னும் அமெரிக்க இசையமைப்பாளரிடம் மேனாட்டு இசையின் இலக்கணத்தைக் கற்றார். அதற்கு ஈடாக, நம் நாட்டு இசையை அவருக்குக் கற்பித்தார். காசு கைமாறாத இக்கொடுக்கல் வாங்கல் கேஜின் சிந்தனையைப் பெரிதும் மாற்றியது. 1964இல் கேஜும், அவர் நண்பரான பியானோ கலைஞர் டேவிட் டியூடரும், மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக் குழுவினரோடு இந்தியாவிற்கு வந்தபோது சாராபாய் குடும்பத்தினர் அவர்களை வரவேற்றனர். டியூடர் யார் என்று சொல்ல ஒரு செய்தி போதும்: 1952இல், நான்கு நிமிடம் முப்பத்து மூன்று விநாடி ஒரு கட்டையையும் அழுத்தாமல் பியானோவின் முன் அமர்ந்து, கேஜின் மௌன உருப்படியை முதன்முதல் அரங்கேற்றியவர் அவரே.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இதே குடும்பத்தின் மருமகளான மிருணாளினி சாராபாய், சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞராயிருந்த சுவாமிநாதனின் மகள். ஆமதாபாத்தில் பரதநாட்டியம் வேரூன்றியது அவரால்தான். அவர் கணவர் விக்ரம் சாராபாய். 1969 ஆகஸ்டில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அவர் தலைமையில் பிறந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில், அவர் உடன்பிறந்தார் கௌதமும் கீராவும் வளர்த்த வடிவமைப்புக் கழகத்தில் டியூடர் மூக் கருவியை நிறுவி, ஆர்வமுடையோருக்குப் பயிற்சி அளித்தார். ராக்கெட்டும் மூக்கும் ஒரே வீட்டுச் சூழலிலிருந்து புறப்பட்டவை என்றால் மிகையாகாது.

இனி, வானொலியோடு தொடர்புடைய செய்தி. அக்காலத்தில் நம் வானொலி நிலையங்களில் ஹார்மோனியத்திற்கு இடமில்லை. 1940இல் விதிக்கப்பட்ட அத்தடை 1971இல்தான் ஓரளவு தளர்ந்தது. தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் இசையறிவுக்கு உகந்ததே. ஹார்மோனியத்தின் கட்டைகள் பன்னிரண்டு ஸ்வரங்களை இரும்புக் கம்பிபோல் நிலைநிறுத்திவிடுகின்றன. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்திற்கு அங்கே வழியில்லை. இயந்திரம் என்றாலே நம் இசைக்குப் பகை என்ற எண்ணமும் இதனால் பரவிற்று. ஆனால் மூக் கருவியில் ஸ்வரம் என்பது மின்னழுத்தத்தின் அளவே ஆதலால், அதனைக் குழைக்கலாம், வளைக்கலாம், நுண்சுருதியில் நிறுத்தலாம். கட்டைகளுக்குப் பதிலாக, விரலை வைத்துத் தேய்க்கும் நாடாப்பட்டை ஒன்றும் மூக் கருவிகளுக்கென உண்டு. ஹார்மோனியத்தின்மேல் சாட்டப்பட்ட குற்றத்தை இக்கருவியின்மேல் சாட்ட இயலாது. வானொலியின் கதவு ஒரு வாத்தியத்திற்கு மூடிக்கிடந்த அதே நாட்களில், அத்தடைக்குரிய காரணத்தையே வென்ற மற்றொரு வாத்தியம் ஆமதாபாத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. நாடு அதைக் கேட்கவில்லை.

அங்கே பணியாற்றியவர்கள் கீதா சாராபாய், ஐ. எஸ். மாதுர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர். ஜோஷிபுரா இருபது வயது நிரம்பாத மாணவர். விண்கலப் பயணத்தைக் கற்பனை செய்து ‘ஸ்பேஸ் லைனர் 2001’ என்ற உருப்படியை இயற்றினார். 1972ஐ ஒட்டி இம்முயற்சி ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் கழகத்தின் ஆவணக் களஞ்சியத்தில் உறங்கின. ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், பால் பர்காஸ் என்னும் இலண்டன் கலைஞர் அவற்றைக் கண்டெடுத்தார். 2020இல் அவர் பி.பி.சி. வானொலியில் இவ்வரலாற்றை எடுத்துரைத்தார். 2023இல் அவ்விசை தட்டாகவும் வெளிவந்தது. நம் களஞ்சியத்தில் இருந்ததை நமக்குச் சொல்ல ஒருவர் கடல் கடந்து வரவேண்டியிருந்தது என்பதில் நமக்குச் சிறிது வருத்தமே.

நாடாவைக் காப்பது ஒரு கலையென்றால், கருவியைக் காப்பது வேறொரு கலை. பழைய சிந்தசைசர்களில் மின்தேக்கிகள் உள்ளே உலர்ந்து வலுவிழக்கும். திருகு குமிழ்களில் தூசி படிந்து கரகரப்பு எழும். செருகு முனைகளில் களிம்பு ஏறும். முதற்கால மூக் அலையியற்றிகள் வெப்பம் மாறினாலே சுருதி நழுவும் இயல்புடையவை. இவற்றைப் பேணுவோரிடையே நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு: உறுப்புகளை மாற்றினால் அது பழைய கருவி ஆகுமா என்பதே அது. நம் வீட்டு வீணையை நினைத்துக்கொண்டால் விடை கிட்டும். மெழுகு தளர்ந்தபின் மெட்டுகளைப் பெயர்த்து மீண்டும் பதிக்கிறோம். அதனால் பாட்டியின் வீணை பிறிதொரு வீணையாகிவிடுவதில்லை. ஒலிக்காத வாத்தியத்தைக் கண்ணாடிப் பேழையில் வைப்பதைவிட, புதிய மின்தேக்கி இட்டு வாசிப்பதே முறை என்பது நம் துணிபு.

பம்பாயில் நிகழ்ந்ததையும் இத்துடன் வைத்துப் பார்த்தல் தகும். திரைப்பட இசைக்குழுக்களில் கிதார் வாசித்துவந்த சரண்ஜித் சிங், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தார் செய்த ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 ஆகிய மூன்று கருவிகளைக் கொண்டு, 1982இல் பத்து இராகங்களை இசைத்தட்டாக வெளியிட்டார். அவற்றுள் நம் இந்தோளத்தை ஒத்த மால்கௌன்ஸும், மோகனத்தை ஒத்த பூபாலியும் அடங்கும். டிபி-303 என்பது சிறு வெள்ளிநிறப் பெட்டி. மந்தரஸ்தாயிக் கிதாருக்கு மாற்றாக விற்க எண்ணிச் செய்யப்பட்டது. அவ்வேலைக்கு அது உதவவில்லை. 1984இல் உற்பத்தி நின்றது. ஆனால், ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்திற்கு வழுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அதனை இராகத்திற்குப் பயன்படுத்தலாம் என்று சிங் கண்டார். சிகாகோ இளைஞர்கள் அதே பெட்டியைக் கொண்டு புதிய நடன இசையை 1987இல் வெளியிட்டதற்கு ஐந்து ஆண்டுகள் முந்தியது அவர் தட்டு. அது அப்போது விலைபோகவில்லை. 2010இல் அயல்நாட்டார் மறுபதிப்புச் செய்தபின்பே உலகம் அவரைத் தேடி வந்தது. 2015இல் அவர் காலமானார். கடைகளில் மலிவாகத் தள்ளப்பட்ட அவ்வெள்ளிப் பெட்டி, இன்று சேகரிப்போர் பெருவிலை கொடுத்து வாங்கும் அரும்பொருள்.

ஆமதாபாத் ஒலிகளை இப்போது எவரும் கேட்கலாம். பறவைகளின் குரல்போல் அமைந்தவை சில. முரசு போல் அதிர்பவை சில. பொறுமையைச் சோதிப்பவையும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. மாதுர் இயற்றிய உருப்படிகளுள் ஒன்றின் பெயர், ‘ஒருமுறை தம்பூரா மீட்டினேன்’ என்று பொருள்படுவது. அடுத்த தலைமுறையில் பெங்களூரில் செய்யப்பட்ட மின்னணுச் சுருதிப்பெட்டிகள், தில்லி முதல் கல்கத்தா வரை, பாட்டு வகுப்பு நடக்கும் தமிழ்க் குடும்பங்களின் கூடங்களில் தம்பூராவின் இடத்தில் வந்து அமர்ந்துவிட்டன.