கூவாகமும் இதயமும்

சித்திரை முழுநிலவை ஒட்டிக் கூவாகம் செல்லும் திருநங்கையர் பலர் விழுப்புரத்து விடுதிகளில்தான் தங்குவர். 2019இல் மாவட்டம் பிரிந்தபோது கூவாகம் கள்ளக்குறிச்சியோடு போய்விட்டது. விழாக்கூட்டமோ விழுப்புரத்தை விடவில்லை. தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து மாரடித்து அழும் அச்சடங்கைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. வியாச பாரதத்தில் எட்டாம் நாள் போரில் மடியும் இராவான், தமிழில் களப்பலியாகும் அரவானாக மாறிய கதையும் நண்பர்கள் அறிந்ததே. நான் எழுத எண்ணியது வேறு: அந்த மாருக்குள் இருக்கும் இதயத்தை மருத்துவம் எப்போது, எப்படிப் பார்த்தது என்பது.

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த பணி அது. அதன் பின்னரே அரசும் தொண்டு நிறுவனங்களும் கூவாகத்தை ஒரு மருத்துவக் களமாகக் கண்டன. ஆணுறையும் துண்டறிக்கையும் திருவிழாவுக்கு வந்தன. 2007இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் திருநங்கையரையும் தன்பால் உறவுகொள்ளும் ஆண்களையும் ஒரே வரிசையில் வைத்து முன்னுரிமை தந்தது. இப்பணியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உயிர் காத்த பணி. ஆனால் ஒரு சமூகத்தின் உடல் முழுவதையும் ஒரே கிருமியின் வழியாகப் பார்க்கும் பழக்கமும் அதனோடு வந்து சேர்ந்தது.

2004 ஏப்ரலில் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரப்படலாயிற்று. சாக இருந்தவர்கள் வாழ்ந்தார்கள், முதுமையை நோக்கி நடந்தார்கள். தொற்றுடன் நெடுநாள் வாழ்பவர்க்கு இரத்தக்குழாயின் அழற்சி ஓயாது. மாரடைப்பு வாய்ப்பு கூடும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை இவர்களுக்கு இதய நோயைக் கணிசமாகத் தடுக்கிறது என்று, இந்தியாவும் பங்குகொண்ட பன்னாட்டு ஆய்வொன்று 2023இல்தான் காட்டியது.

தொற்றே இல்லாதவர் நிலை என்ன? பெண்மையை வேண்டிக் கடைகளில் கருத்தடை மாத்திரை வாங்கி, அளவு கேட்க ஆளின்றி விழுங்கும் வழக்கம் பழையது. அதிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறைவதைத் தூண்டும்; புகைப்பழக்கம் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு. ஹார்மோன் எடுக்கும் திருநங்கையர்க்குப் பக்கவாதமும் சிரைகளில் இரத்த உறைவும் பிற ஆண், பெண் இருபாலரைவிடவும் மிகுதி என்று 2019இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று கண்டது. அங்கே அவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் இருந்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம். மறுநாள் என்ன நடக்குமோ என்ற அச்சத்திலேயே கழியும் வாழ்வும் இதயத்தை வருத்தும். பால்புதுமையர் அனைவருக்கும் இது பொருந்தும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2020இல் தனி அறிக்கையே வெளியிட்டது.

பேடியை எத்திணையில், எப்பாலில் வைப்பதென்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் விதி வகுத்தது. புறநோயாளிச் சீட்டு எழுதுமிடத்தில் அந்தத் தெளிவு நெடுங்காலம் இல்லை. ஆண் வரிசையா, பெண் வரிசையா என்று தயங்கி நிற்பதற்குள் நெஞ்சுவலிக்காரரின் பொன்னான நேரம் போய்விடும். திண்டிவனத்தில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சு அடைத்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுவை ஜிப்மருக்கோ விரைய வேண்டும். முன்பு எங்கோ பட்ட ஏளனம் நினைவிருப்பவர், விடியட்டும் என்றே காத்திருப்பார்.

தமிழகம் ஒன்றும் செய்யாமல் இல்லை. 2008 ஏப்ரல் 15 அன்று நலவாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனையில் பால்மாற்று அறுவைக்கு வழி செய்தது. உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு 2014இல்தான் வந்தது. ஆயினும் அறுவை ஒருநாள் வேலை. ஹார்மோனும் இரத்த அழுத்தமும் ஆயுள் முழுதும் பார்க்க வேண்டியவை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அழுத்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது, நல்ல திட்டம். வாடகைக்கு வீடு மறுக்கப்பட்டு ஆண்டுக்கு மூன்று முறை இடம் மாறுபவரின் வாசல் எது? இன்னொரு சிக்கல், தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒப்புதல் படிவம். உறவினர் கையொப்பம் என்ற இடத்தில், பெற்றவர்கள் கைவிட்ட பின் வளர்த்த திருநங்கைத் தாய் என்ன உறவு என்று எழுதுவார்?