உரமில்லாத மண்ணும் உரமிட்ட மண்ணும்

1930கள் வரை இங்கிலாந்துத் தோட்டக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு தொட்டிமண் ரகசியம் இருந்தது. ஒரு செடிக்கு ஒரு கலவை. பக்குவம் கைக்குக் கை மாறும். லண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் ஆய்வுக்கு வளர்த்த பிரிமுலா நாற்றுகள் மண்வழி நோயால் தொடர்ந்து மடிந்தன. டபிள்யூ. ஜே. சி. லாரன்ஸும் ஜே. நியூவெல்லும் மண்ணை நீராவியில் வேகவைத்துப் பலவிதமாகக் கலந்து சோதித்தனர். கண்டறிந்த செய்முறைகளை 1939இல் நூலாகவே வெளியிட்டனர்.

அவர்களின் தொட்டிக் கலவை: மக்கிய புல்தரை மண் 7 பங்கு, பீட் 3, மணல் 2. உரம் எடைக்கணக்கு: குளம்பு-கொம்புத் தூள் 2, சூப்பர் பாஸ்பேட் 2, பொட்டாசியம் சல்பேட் 1. சுமார் 36 லிட்டர் கலவைக்கு இந்த உரம் 113 கிராம். கூடவே சிறிது சுண்ணாம்புத் தூள். செடி பெரிதானால் உரம் இரட்டிப்பாகும், மும்மடங்காகும்.

குச்சி நடும் கலவையின் கதை வேறு: மண் 1, பீட் 2, மணல் 1, உரம் அறவே இல்லை. வேரில்லாத குச்சி உரத்தை உண்ணாது. உப்பு மிகுந்தால் வெட்டுவாய் கருகும். வேர்விட்ட பிறகே குச்சி உரமிட்ட தொட்டிக்கு மாறியது.

நிலையம் இக்கலவைகளை விற்கவில்லை. செய்முறையை எவரும் பயன்படுத்தலாம் என விட்டுவிட்டது.