கைப்பேசி வழிப்பறித் தடுப்பு

பொது இடத்தில் ஒருவரிடமிருந்து கைப்பேசியைப் பறித்தோ, அவர் அறியாமல் உருவியோ கொண்டுபோவது கைப்பேசி வழிப்பறி. மோட்டார் சைக்கிளில் இருவர் பின்னாலிருந்து வர, பின்னிருக்கையில் இருப்பவர் பறித்துக்கொள்வது இதன் பரவலான வடிவம். சந்தை நெரிசலில் பையைத் துழாவுவது இன்னொன்று. மலேசியத் தண்டனைச் சட்டம் சூழலைப் பொறுத்து இதை 379ஆம் பிரிவில் திருட்டாகவோ 392ஆம் பிரிவில் கொள்ளையாகவோ கொள்கிறது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 304ஆம் பிரிவில் பறிப்பைத் தனிக் குற்றமாக்கி மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. குற்றம் சிறியதுபோல் தோன்றினாலும் விளைவு அப்படியல்ல. 2023 ஜூலையில் சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தில் கைப்பேசிப் பறிப்பின்போது ரயிலிலிருந்து விழுந்த இளம்பெண் சில நாளில் உயிரிழந்தார். இக்குற்றத்தைக் குறைக்க நகரங்கள் பெரும்பாலும் திருடனைத் துரத்துவதிலேயே பணத்தைச் செலவிடுகின்றன. ஆனால் நிலைத்த பலன் வேறு இரண்டு செயல்களைச் சார்ந்தது: திருடிய கைப்பேசிக்கு விலை இல்லாமல் செய்வது, பறிகொடுத்தவர் யாராக இருந்தாலும் உடனே புகார் தர வழி திறந்து வைப்பது. இரண்டாவது செயலின் அருமையைப் பெருநகரங்களைவிட, பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களே தெளிவாகக் காட்டும்.

தெருவைத் திருத்துவது பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. மலேசியா 2004இல் தொடங்கிய பாதுகாப்பான நகரத் திட்டம் 23 தடுப்பு நடவடிக்கைகளை ஊராட்சி மன்றங்களுக்கு வகுத்துத் தந்தது. நடைபாதையையும் வாகனச் சாலையையும் பிரிக்கும் கம்பித் தடுப்பு, விளக்கு, கண்காணிப்புக் கேமரா, குற்ற வரைபடம் ஆகியவை அவற்றில் அடங்கும். இடுப்பளவுக் கம்பித் தடுப்பு எளிய பொருள்தான். ஆனால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கை நடந்து செல்பவரின் தோள்பையை எட்டாமல் செய்துவிடுகிறது. 2010இல் கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கு, ஜொகூர் ஆகிய இடங்களில் குற்றம் மிகுந்த 50 இடங்களைத் தேர்ந்து காவலைக் குவித்தபின், தெருக்குற்றம் 35 விழுக்காடு குறைந்ததாக அரசு அறிவித்தது. ஓரிடத்தில் தடுத்தால் திருடன் அடுத்த தெருவுக்குப் போவான் என்பது வழக்கமான மறுப்பு. இத்தகைய குவிகாவல் பற்றிய ஆய்வுகளில் குற்றம் அப்படியே இடம் மாறியதைவிட, பக்கத்துத் தெருக்களும் சேர்ந்து பயனடைந்ததே அதிகம் தெரிகிறது. இருந்தாலும் காவல் விலகினால் குற்றம் திரும்பும். பறிக்கத் தூண்டும் விலை சந்தையில் அப்படியே இருப்பதே காரணம்.

விலையை வீழ்த்த முடியும் என்பதற்கு 2013 செப்டம்பர் சான்று. அப்போது ஆப்பிள் நிறுவனம், உரிமையாளரின் கடவுச்சொல் இல்லாமல் கைப்பேசியை மீண்டும் இயக்க முடியாத பூட்டைக் கொண்டுவந்தது. அடுத்த ஓராண்டில் ஐபோன் திருட்டு சான்பிரான்சிஸ்கோவில் 40 விழுக்காடும் நியூயார்க்கில் 25 விழுக்காடும் குறைந்தது. லண்டனில் திறன்பேசித் திருட்டு ஏறக்குறையப் பாதியானது. கலிபோர்னியா 2015 ஜூலை முதல் புதிய திறன்பேசிகளில் இத்தகைய பூட்டைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. பிறகு ஏன் லண்டனில் 2024இல் மட்டும் ஏறத்தாழ 80,000 கைப்பேசிகள் திருடுபோயின என்ற கேள்வி நியாயமானது. சந்தை கடல் கடந்துவிட்டது என்பதே விடை. ஹாங்காங்குக்கு அனுப்பவிருந்த ஒரு பெட்டியில் சுமார் ஆயிரம் ஐபோன்கள் சிக்கியதிலிருந்து துப்புத் துலக்கிய லண்டன் காவல்துறை, ஒரே கும்பல் ஓராண்டில் 40,000 கைப்பேசிகள் வரை சீனாவுக்குக் கடத்தியிருக்கலாம் என்று 2025இல் தெரிவித்தது. ஒரு நாட்டின் தடைப்பட்டியலை இன்னொரு நாடு மதிக்காதவரை, பூட்டிய கைப்பேசிக்கும் எங்கோ ஒரு விலை இருக்கும். குறைந்தபட்சம் உதிரிபாகமாகவாவது விலைபோகும். உதிரிபாகங்களுக்கும் பூட்டை நீட்டித்த ஆப்பிளின் 2024ஆம் ஆண்டு மாற்றம் அந்தக் கடைசி விலையையும் குறிவைக்கிறது. ஆகவே லண்டனின் இரண்டாவது அலை, பூட்டு தோற்றதற்குச் சான்று ஆகாது. பூட்டு பாதி வழியில் நின்றதைத்தான் காட்டுகிறது.

உள்ளூர்ச் சந்தையை அடைக்கும் கருவி ஐஎம்இஐ எண். ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய இந்த 15 இலக்க எண்ணை வலையமைப்புகள் முடக்கினால், சிம் அட்டையை மாற்றினாலும் அந்த நாட்டுக்குள் அழைப்பு போகாது. இந்தியாவில் இந்த எண்களின் மத்தியப் பதிவேடு 2023 மே மாதம் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியே நாடு முழுவதற்கும் விரிந்தது. எண்ணைத் திருத்திவிடுவார்களே என்பவர்களுக்கு: பிரிட்டன் 2002லேயே அதைக் குற்றமாக்கி ஐந்தாண்டு வரை சிறை விதித்தது, இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதைத் தண்டிக்கிறது. இதைவிட வலுவான மறுப்பு, அறியாமல் பழைய கைப்பேசி வாங்கிய ஏழையின் கருவியும் முடங்குமே என்பது. இதற்கு முடக்கத்தைத் தளர்த்துவது தீர்வாகாது. வாங்குமுன் எண்ணை இலவசமாகச் சரிபார்க்கும் வசதியும் கடைக்காரரின் பொறுப்பும் வேண்டும். பழம்பொருள் விற்பவர் உரிமம் பெறவும் பதிவேடு வைக்கவும் மலேசியாவில் 1946ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் ஐஎம்இஐ எண்ணும் விற்றவரின் அடையாளமும் ஏறினால், திருட்டுக் கைப்பேசியைக் கைமாற்றும் முதல் கதவு அடைபடும்.

இனி இரண்டாவது செயலான புகார் வழிக்கு வருவோம். கேமரன் மலையில் 1929இல் போ தோட்டம் தொடங்கியபின் தேயிலையைப் பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். இன்று லயன் வீடுகளில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் அதிகம். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஊர்களை ஒரே பிரதான சாலை கோக்கிறது. பள்ளி விடுமுறையில் அதில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பறித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பறக்க இந்த நிலம் இடம் தராது. இங்கே கவனிக்க வேண்டியது இரவுச் சந்தையின் நெரிசலும் பேருந்து நிலையமும்தான். ஆனால் இழப்பின் எடை இங்கே கூடுதல். 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட். 850 ரிங்கிட் கைப்பேசி போனால் அரைமாத உழைப்பு போயிற்று. ஊருக்குப் பணம் அனுப்பும் செயலி, மனைவி மக்களோடு பேசும் ஒரே வழி, முகவரின் எண், வேலை அனுமதிப் பத்திரத்தின் படம் எல்லாம் அதனுள்ளே இருக்கின்றன. வெளிநாட்டவரின் சிம் அட்டை கடப்பிதழ் எண்ணில் பதிவானது. கடப்பிதழ் கையில் இல்லாதவர் அதே எண்ணை மீட்பது கடினம். பிறர் கடப்பிதழை வைத்துக்கொள்வதை 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டம் தடுத்தும், அந்த வழக்கம் மலேசியாவில் முற்றிலும் ஒழியவில்லை. அனுமதிப் பத்திரம் காலாவதியானவரோ, புகார் தரப்போய்த் தானே தடுப்புக்காவலில் சிக்குவோமோ என்று காவல் நிலையத்தின் படியே ஏறமாட்டார்.

அவர் புகார் தராவிட்டால் எண் முடங்காது, திருடியவருக்கு முழு விலையும் கிடைக்கும், குற்ற வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். புகார் தர முடியாதவரே திருடனுக்கு மிகப் பாதுகாப்பான இலக்கு. இதனால் பத்திரம் உள்ள மற்றவர்களுக்கும் ஆபத்து நீடிக்கிறது. புகார்தாரரின் குடிநுழைவு நிலையைத் திருட்டு விசாரணையோடு கலக்கக்கூடாது என்பதற்கு இரக்கத்தோடு இந்தக் கணக்கும் காரணம். இது சட்டவிரோதக் குடியேற்றத்தை ஊக்குவிக்கும் என்ற வாதம் நிற்காது: கைப்பேசி திருடுபோனால் புகார் தரலாம் என்பதற்காக யாரும் நாடு விட்டு நாடு வருவதில்லை. பிரேசில் 2023 டிசம்பரில் தொடங்கிய செயலி, ஒரே அறிவிப்பில் கருவி, தொலைபேசி இணைப்பு, வங்கிக் கணக்கு மூன்றையும் முடக்க வழி செய்தது. மலேசியாவில் பண மோசடிக்கு 997 என்ற எண் இருப்பதுபோல், கைப்பேசி இழப்புக்கும் வங்காளம், நேப்பாளி, தமிழ் மொழிகளில் பதில் சொல்லும் ஒரே எண் வேண்டும். அதுவரை தோட்ட அலுவலகமே தொழிலாளர்களின் ஐஎம்இஐ எண்களை அவர்கள் ஒப்புதலோடு எழுதி வைத்து, புகாருக்கு ஓர் எழுத்தரைத் துணைக்கு அனுப்பலாம்; ஒரு நோட்டுப் புத்தகத்துக்குமேல் செலவில்லை. படிப்பவரும் இன்றே *#06# என்று அழுத்தி, திரையில் வரும் எண்ணை ஒரு தாளில் குறித்துக் கைப்பேசிக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள்.