வில்லும் அரைஞாணும்

சப்ரகமுவ என்ற பெயரைப் பிரித்தால் சபரரின் ஊர் என்று பொருள் வரும். சபரர் என்றால் காட்டில் வில்லோடு திரிந்த வேடர். இயக்கி குவேனியின் பிள்ளைகள் சிவனொளிபாத மலைப் பக்கம் ஓடி ஒளிந்தார்கள், அவர்கள் வழி வந்தவர்களே காட்டில் வாழ்ந்த புலிந்தர் என்கிறது மகாவம்சம். இரத்தினபுரியையும் கேகாலையையும் சேர்த்து 1889இல் ஒரு மாகாணம் அமைத்தபோதும் அந்தப் பழைய பெயரே நின்றது. அந்த மலையடியில் தேயிலைக்கும் இறப்பருக்கும் வந்து சேர்ந்த தமிழரிடம் வில் என்ற சொல் எப்படி வாழ்கிறது என்று பார்ப்பது வெறும் அகராதி வேலை ஆகாது. பொருள் கைவிட்டுப் போன பிறகும் சொல் எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அதில் காணலாம்.

சொல் மிகப் பழையது. பரோவும் எமனோவும் தொகுத்து 1961இல் வெளிவந்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் மலையாள வில்லு, கன்னட பில்லு, தெலுங்கு வில்லு எல்லாம் தமிழ் வில்லோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. பலுச்சிஸ்தானத்தின் பிராகுயி மொழிச் சொல்லும் அந்த வரிசையில்தான் வருகிறது. இந்த மொழிகள் பிரியுமுன்பே வில் இருந்தது, அதற்குப் பெயரும் இருந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களத்தில் வில்லுக்குத் துன்ன என்று பெயர். அது தனு என்ற வடசொல்லின் வழி வந்தது. அந்தத் தனு நமக்குத் தனுசு ராசியாக வந்து சேர்ந்தது. இரத்தினபுரி மழை விட்டதும் மலைக்கு மேலே தெரிவதை அவர்கள் தேதுன்ன என்கிறார்கள், நாம் வானவில் என்கிறோம். இரண்டு மொழியும் வானத்தில் கண்டது ஒரே கருவியைத்தான். வில்பத்துக் காட்டின் வில்லுகளை இதோடு குழப்பக்கூடாது. அவை நீர்நிலைகள். குளத்தைக் குறிக்கும் சிங்கள ‘வில’ வேறு சொல்.

வில் என்றால் வளைந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். புருவத்தை வில் என்று பாடிய கவிஞர்கள் அந்த எண்ணத்தை ஊன்றிவிட்டார்கள். ஆனால் நாணைக் கழற்றிய மரவில்லைப் பார்த்தால் ஏறக்குறைய நேரான தடி. அரிவாளும் வளைந்ததுதான். அதை யாரும் வில் என்பதில்லை. வேலை செய்கிற மக்கள் வில் என்ற பெயரை எதற்கெல்லாம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். வில்லு வண்டியின் அடியில் அடுக்கிய எஃகுப் பட்டைகள் பாரத்தில் அமுங்கி மீள்கின்றன. யாழ்ப்பாணத்தார் மடக்குக் கத்தியை வில்லுக்கத்தி என்பது அதன் முதுகில் இருக்கும் விசைக்காக. கவிஞர் வடிவத்தைப் பார்த்தார்கள், தொழிலாளர் மீளும் குணத்தைப் பார்த்தார்கள். என் மனம் தொழிலாளர் பக்கமே சாய்கிறது. ஒரு வில்லைக் கையால் செய்ய உட்காரும் எவருக்கும் அந்த மீளும் குணம்தான் முதல் பாடம்.

சங்க நூல்களில் வில்லுக்குச் சிலை என்றும் பெயர். சிலை என்பது ஒரு மரம். சிலை மரத்தால் செய்த வில் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். செய்பவன் வைத்த பெயர் இது. எந்த மரம் என்பதில்தான் வில்லின் உயிர் இருக்கிறது. சப்ரகமுவவில் புதிதாகப் பழகுகிறவருக்குக் கைக்கு எட்டும் மரம் கமுகு. பாரம் தொங்கவிட்டுத் தோளில் தூக்கும் காவுதடிக்கு அதையே பிளக்கிறார்கள். பாரத்துக்கு வளைந்து நிமிரும் என்பது ஊருக்கே தெரியும்.

முற்றிய மரத்தைப் பிளந்து ஆளுயரத்துக்கு ஒரு கமுகஞ்சிலாகை எடுக்க வேண்டும். வாளால் அறுத்தால் நார் குறுக்கே அறுபடும். பிளந்தால் நார் போன போக்கிலேயே பிளவும் போகும். மரத்தின் வெளிப்புறம் கருத்து இறுகியிருக்கும். அது இலக்கைப் பார்க்கும் பக்கம், வில்லின் முதுகு. நாணை இழுக்கும்போது முதுகு நீள்கிறது, எய்பவரைப் பார்க்கும் வயிறு நெருங்குகிறது. முதுகில் ஒரு நார் அறுந்தாலும் வில் அந்த இடத்தில் முறியும். அதனால் கத்தி படவேண்டியது வயிற்றில் மட்டும். சோற்றியைக் கழித்து, நடுவில் பிடிக்குத் தடிப்பு விட்டு, இரண்டு முனைக்கும் போகப்போக மெலியவிடுகிறார்கள். முனையில் நாண் பூட்ட வெட்டும் காடிக்குக் குதை என்று பெயர்.

அவசரப்பட்டால் காரியம் கெடும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் மண் இது. ஈரம் போகாத மரம் நன்றாக வளையும், ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும். லயத்து அடுப்புக்கு மேலே பரணில் சிலாகையைப் புகை படக் கிடத்துவது நல்ல வழி. காய்ந்த பிறகு உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் வயிற்றைச் சுரண்ட வேண்டும். சுருள் சுருளாகத் தூள் உதிரும். சற்றுச் சுரண்டி, தளர்வாகக் கயிறு கட்டி, ஒரு சாண் இழுத்துப் பார்க்க வேண்டும். வில்லின் ஒரு கை அதிகம் வளைந்து மறு கை விறைத்து நின்றால், விறைத்த கையைத்தான் சுரண்ட வேண்டும். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. இரண்டு கையும் ஒத்து வளையும் வரை இதையே செய்ய வேண்டும். முடிந்த வில்லையும் அம்பு வைக்காமல் இழுத்து விடக்கூடாது. அம்பில் போகவேண்டிய விசை முழுவதும் மரத்துக்குள் திரும்பி, அதைப் பிளந்துவிடும்.

நாணுக்கு மருள் செடி. சங்க நூல்களில் மரல். தடித்த இலையைச் சிதைத்து வழித்தால் வெள்ளை நார் வரும். சிங்களத்தில் நியந்த என்பது இதுவே. வடமொழியில் இந்தச் செடி மூர்வா, அதிலிருந்து நாணுக்கு மௌர்வி என்று பெயர்.  நாண் என்ற சொல்லின் பழைய வடிவம் ஞாண். தோட்டத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டும் அரணாக்கயிற்றில் ஒளிந்திருப்பது அந்த ஞாண்தான். அரைக்குக் கட்டும் ஞாண், அரைஞாண், அரணா. தாலிக்கயிறும் மங்கலநாண். வில் போய் வெகுகாலமாகியும் அதன் கயிறு பிறப்பிலும் கல்யாணத்திலும் கட்டப்படுகிறது.

நீலகிரித் தோதவரிடம் இன்னும் அழுத்தமான சான்று இருக்கிறது. மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் எழுதிய நூலில் வருவது: கணவன் கர்ப்பிணிக்குச் சிறு வில்லும் அம்பும் கொடுக்கிறான், கொடுத்தவனே பிள்ளைக்குத் தகப்பன். வேட்டையில் அவர்கள் வில்லை விட்டு வெகுகாலம். சடங்குக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மலையகத்தில் அந்த இடம் கூத்துக்கு. மாசியில் காமன் கூத்தில் மன்மதன் கையில் கரும்பு வில். அருச்சுனன் தபசில் பாசுபதம் கேட்டு நிற்கும் அருச்சுனனுக்கு எதிரே சிவனே வேடனாக வில்லெடுத்து வருகிறார். சபரர் பெயரைச் சுமக்கும் மண்ணில் அந்தக் காட்சியை ஆடுவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தோட்டத்துத் தமிழின் சொற்களைத் தொகுக்கிறவர்கள் கூத்துக்கு வில் கட்டித் தருகிறவர்களிடம் முதலில் போக வேண்டும். முதுகுக்கும் வயிற்றுக்கும் பிடிக்கும் குதைக்கும் அவர்கள் என்ன சொல்கிறார்கள், எந்த மூங்கிலை எந்த மாதம் வெட்டுகிறார்கள், எதைக் காயவைத்து எதைப் பச்சையாக வளைக்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும்.