நீர்வழிக் காவல் படகுகள் (சிட்னி)

இரண்டாம் உலகப்போரில் ஆஸ்திரேலியக் கடற்படை, தனியார் உல்லாச விசைப்படகுகளைக் கையகப்படுத்தி, இயந்திரத் துப்பாக்கியும், குறித்த ஆழத்தை எட்டியதும் நீரழுத்தத்தால் வெடிக்கும் ஆழ்நீர்க் குண்டுகளும் பொருத்தி, சிட்னித் துறைமுகக் காவலில் ஈடுபடுத்திய சிறு கலங்கள் இப்பெயர் பெற்றன. 1942 மே 31 இரவு ஜப்பானியக் குறுநீர்மூழ்கிகள் மூன்று துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, தடுப்புவலையில் சிக்கிய ஒன்றின்மீது 'லொலிட்டா' படகு வீசிய குண்டுகள், அங்கு நீர் ஆழமற்றிருந்ததால் வெடிக்காமற் போயின. அந்நீர்மூழ்கியின் வீரர் இருவரும் தம் கலத்தைத் தாமே தகர்த்து மாண்டனர். மறுநாள் விடியலில் டெய்லர்ஸ் விரிகுடாவில் மற்றொன்றைத் தாக்கிய 'சீ மிஸ்ட்' படகின் இயந்திரங்களுள் ஒன்று, அது வீசிய குண்டின் அதிர்விலேயே செயலிழக்க, 'ஸ்டெடி ஹவர்', 'யரோமா' ஆகிய படகுகள் தாக்குதலைத் தொடர்ந்தன. போருக்கெனக் கட்டப்படாத மரக்கலங்களில் நின்று போரிட்ட அச்சிறு குழுவினரின் துணிவு, துறைமுகப் பாதுகாப்பு வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றுள்ளது.